ஜூனில் டிரினிடாட் போகிறீர்களா? மஞ்சள் அட்டையிலிருந்து தொடங்குங்கள்

கரீபியன் தீவான டிரினிடாடில் (பக்கத்துத் தீவு டொபாகோவும் இதுவும் சேர்ந்து ஒரே நாடு) ஜனவரி முதல் மே வரை வெயில் காலம். ஜூனில் மழை பிடிக்கும், டிசம்பர் வரை விடாது. பெரும்பாலான பயணிகள் பிப்ரவரி, மார்ச் கார்னிவல் கூட்டத்தோடு வந்து போய்விடுவார்கள். ஜூனில் தங்குமிடம் எளிதாகக் கிடைக்கும், வாடகையும் இறங்கியிருக்கும், காடு பச்சென்று இருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகின் மிகப் பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை இரவில் கரையேறி முட்டையிடுவதைப் பார்க்கலாம். இது ஒன்றுக்காகவே ஜூனில் போகலாம்.

ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் போனால் பணமும் நாளும் வீணாகும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி, ஜூன் முதல் ஜூலை நடுவுக்குள் 8 முதல் 10 நாள் போய்வருவதை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விசா பகுதியை உங்கள் நாட்டு விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. தேதியைக் குறியுங்கள்

ஆமைக்காகப் போகிறீர்கள் என்றால் ஜூன் முதல் மூன்று வாரம்தான் நல்ல சமயம். முட்டையிடும் பருவம் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டு வரை ஓடும்; ஜூலையிலிருந்து கரையேறும் தாய் ஆமைகள் குறைந்துகொண்டே வரும். முட்டை பொரிய ஏறக்குறைய 60 நாள் ஆகும். அதனால் மார்ச், ஏப்ரலில் இட்ட முட்டைகளின் குஞ்சுகளையும், புதிதாக முட்டையிட வரும் தாயையும் ஜூனில் ஒரே இரவில் பார்க்க வாய்ப்புண்டு.

மே 30 இந்தியர் வருகை நாள், ஜூன் 19 தொழிலாளர் நாள். இரண்டும் பொது விடுமுறை. கார்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாள் விடுமுறையும் ஏறக்குறைய எல்லா ஆண்டும் மே கடைசிக்கும் ஜூன் மூன்றாம் வாரத்துக்கும் இடையில்தான் வரும். இந்த நாட்களில் அரசு அலுவலகம் திறக்காது, கடற்கரையில் உள்ளூர்க் கூட்டம் நிற்க இடமில்லாமல் இருக்கும். ஆமைக் கடற்கரைக்கான அனுமதியை இந்த நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

2. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: டிக்கெட்டுக்கு முன்பே

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் டிரினிடாடில் தடுப்பூசிச் சான்று (இதுதான் மஞ்சள் அட்டை) கேட்க மாட்டார்கள். அதனால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் டிரினிடாடும் இருக்கிறது. அங்கிருந்து 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால், சென்னையோ மும்பையோ, விமான நிலைய சுகாதார அதிகாரிகள் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். நடுவில் லண்டனில் மாறினோம் என்று சொல்வது எடுபடாது. வழியில் விமானம் மாறியதால் 6 நாள் கணக்கு மாறாது.

சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும், துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள், நகல் போதாது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுதும் செல்லும், மறுபடி போட வேண்டியதில்லை. பழைய அட்டையில் 10 ஆண்டு என்று அச்சாகியிருந்தாலும் 2016 முதல் வாழ்நாள் கணக்குதான்.

கவனிக்க வேண்டியவை:

- முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் போட்டுக்கொள்ளலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களும் அப்படியே. குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால், பணம் கட்டி டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.
- அட்டையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அங்கேயே நின்று சரிபாருங்கள். நம் ஊர் இனிஷியல் பெயரைத் தப்பாக எழுதிவிடுவது சகஜம். முத்திரை, மருந்துத் தொகுதி எண், கையொப்பம் மூன்றும் இருக்க வேண்டும்.
- அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் இறங்கும் இடத்தில் காட்ட முடியாது.

3. எந்த வழியாகப் போவது: இடையில் இறங்கும் நாட்டின் விசா

டிரினிடாடுக்கு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, 90 நாள் வரை தங்கலாம். இதைப் படித்ததும் உடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். நேரடி விமானம் கிடையாது. நடுவில் மாறும் நாடு விசா கேட்கும்.

*அமெரிக்கா வழி.* நியூயார்க், மயாமியிலிருந்து விமானங்கள் அதிகம், கட்டணமும் கட்டுப்படியாகும். ஆனால் அமெரிக்காவில் வெறுமனே மாறிச் செல்ல முடியாது. குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள். இதற்காகவே புதிதாக விண்ணப்பித்தால் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டாலர், நேர்காணல் நாளுக்கான காத்திருப்போ மாதக்கணக்கில் போகலாம்.

*லண்டன் வழி.* விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டனின் இடைமாற்ற விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா இருந்தால் விலக்கு கிடைக்கும். ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறும்படி டிக்கெட் வந்தால் கதையே வேறு: நகரத்துக்குள் நுழைகிறீர்கள், அதற்கு வேறு வகை விசா. மலிவாக வரும் டிக்கெட்டில் இந்த இரண்டு நிலையப் பெயரையும் பாருங்கள்.

*ஆம்ஸ்டர்டாம் வழி.* ஷெங்கன் நாடுகள் பொதுவாக விமான நிலைய இடைமாற்ற விசா கேட்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. (இலங்கை இருக்கிறது.) ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு வேறு நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே நீங்கள் மாறும் நாட்டின் தூதரகத் தளத்தில் பாருங்கள், டிக்கெட் முகவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

எந்த வழியானாலும் ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணத்தையும் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அங்கே விசா சிக்கும். தனி டிக்கெட் எடுத்தே தீர வேண்டுமென்றால் முறிக்கும் இடமாகப் பக்கத்துத் தீவு நாடான பார்படோஸை வையுங்கள். அங்கேயும் இந்தியருக்கு விசா தேவையில்லை. விமானம் தவறினாலும் ஓர் இரவு ஊருக்குள் தங்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கலாம்.

4. இறங்கும்போது என்ன கேட்பார்கள்

பியார்கோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்பது நான்கு: 6 மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம். இவற்றைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். “நண்பர் வீடு” என்று மட்டும் எழுதினால் தெருப் பெயர், தொலைபேசி எண் எல்லாம் கேட்டு நிறுத்துவார்கள்.

ராணுவச் சீருடை மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் போட்ட துணி (கேமஃப்ளாஜ்) எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்த நாட்டில் அதைக் கொண்டுவருவதும் அணிவதும் சட்டப்படி குற்றம். தொப்பி, முதுகுப்பை, குழந்தையின் அரைக்கால் சட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காட்டுப் பயணம் என்று நினைத்து அந்த மாதிரியே வாங்கி வருகிறவர்கள் உண்டு, சுங்கத்தில் பறிபோகும்.

பச்சைக் கறிவேப்பிலை, விதை, பழம், இறைச்சி வேண்டாம். தினமும் போடும் மாத்திரைகளை அதன் அட்டையிலேயே, மருந்துச் சீட்டோடு வையுங்கள்.

5. பணம்

உள்ளூர்ப் பணம் டிரினிடாட் டொபாகோ டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 6.75 கிடைக்கும். இந்தியாவில் இது கிடைக்காது. அமெரிக்க டாலர் நோட்டாகக் கொஞ்சமும், அயல்நாட்டுப் பயண அட்டையில் மீதியும் கொண்டுபோங்கள். ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலருக்கு மேல் எடுக்க ரிசர்வ் வங்கி விடாது.

அங்கே டாலர் தட்டுப்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. டாலரைக் கொடுத்து உள்ளூர்ப் பணம் வாங்குவது எளிது, திரும்ப மாற்றுவது பெரும்பாடு. இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். மிச்சம் வரும் உள்ளூர் நோட்டு வீட்டுக்கு வந்தால் வெறும் நினைவுப் பொருள்தான். சில்லறை வாங்கும்போது பழைய காகித நோட்டு கொடுத்தால் வாங்காதீர்கள். இப்போது பிளாஸ்டிக் நோட்டு மட்டுமே செல்லும்.

பெரிய கடை, உணவகத்தில் அட்டை போதும். மேக்ஸி டாக்சி எனும் வாடகை வேன், தெருக்கடை, கடற்கரை, ஆமை வழிகாட்டி எல்லாம் ரொக்கம்தான்.

6. மழையைப் படிக்கும் விதம்

ஜூன் மழை நம் வடகிழக்குப் பருவமழை போல நாள்கணக்கில் ஊற்றுவதில்லை. பெரும்பாலும் காலை வெயிலடிக்கும், பதினொரு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், பிற்பகலில் ஒரு மணிநேரம் கொட்டித் தீர்க்கும், மாலை தெளியும். எனவே சூரியன் உதிக்கும் 5:45-க்கே கிளம்புங்கள். மலை, அருவி, படகு எல்லாவற்றையும் 11 மணிக்குள் முடித்து, பிற்பகலில் அருங்காட்சியகம், சந்தை, தூக்கம் என்று வையுங்கள்.

இந்த ஒழுங்கு குலைவது ‘ட்ராபிகல் வேவ்’ கடக்கும் நாட்களில். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து மேற்கே நகரும் காற்றலை இது. அது கடக்கும்போது ஒரு நாள், ஒன்றரை நாள் இடைவிடாமல் பெய்யும். நாட்டின் வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் அருவிக்கும் ஆற்றுக்கும் போகாதீர்கள். ஆரஞ்சு என்றால் ஊரை விட்டே நகராதீர்கள்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிரினிடாட் தெற்கே ஒதுங்கி வடக்கு அட்சரேகை 10, 11 பாகையில் இருப்பதால் பெரும்பாலான சூறாவளிகள் வடக்கே போய்விடும். அதற்காக வராது என்று சொல்ல முடியாது: 2017 ஜூன் 19-ல் பிரெட் என்ற புயல் டிரினிடாடையே தொட்டது, 2024 ஜூலை 1-ல் பெரில் சூறாவளி பக்கத்துக் கிரெனடாவின் கரியாகூ தீவைச் சிதைத்தது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் ஏழு நாள் வரைபடத்தைத் தினமும் காலை 8 மணிக்கு ஒருமுறை பாருங்கள், போதும்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய காப்பீடு அந்தப் புயலுக்குப் பணம் தராது. வெள்ளத்தால் விமானம் தாமதமானால் தங்கும் செலவு உண்டா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பையில்: குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். தலை மூடிய மழை அங்கி, சீக்கிரம் காயும் துணி, போனுக்கு நீர்புகாப் பை, பிடிமானமுள்ள செருப்பு. ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது. தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் 115 வோல்ட், தட்டைக் கம்பிச் செருகி. போன் சார்ஜருக்குச் செருகி மாற்றி போதும். நம் ஊர்க் கெட்டில் அங்கே சரியாகச் சூடேறாது.

7. ஆமை இரவு

தோல்முதுகு ஆமை. முதுகில் ஏழு வரிமேடு ஓடுவதால் நம் கரையில் ஏழுவரி ஆமை என்பார்கள். டிரினிடாடில் முக்கியமாக இரண்டு இடம்: கிழக்குக் கரையில் மட்டூரா, வடகிழக்கு முனையில் கிராண்ட் ரிவியேர். மட்டூராவுக்குத் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணிநேரம், இரவே திரும்பிவிடலாம். கிராண்ட் ரிவியேருக்கு மூன்று மணிநேரம், மலைப்பாதை, அங்கேயே தங்க வேண்டும். கையில் இரண்டு இரவு இருந்தால் கிராண்ட் ரிவியேரைத் தேர்ந்தெடுங்கள்: சின்னக் கடற்கரை, நெருக்கமாக ஆமை, விடியும்போதும் ஒன்றிரண்டு கரையில் நிற்கும்.

மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை இந்தக் கடற்கரைகள் பாதுகாக்கப்பட்ட பகுதி. வனத்துறை அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊர் வழிகாட்டிக் குழுக்கள் உண்டு. மட்டூராவில் நேச்சர் சீக்கர்ஸ் அமைப்பு. முன்பதிவு செய்யும்போதே “அனுமதிச்சீட்டு உங்கள் கட்டணத்தில் சேர்ந்ததா, நாங்கள் தனியாக எடுக்க வேண்டுமா?” என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் இரவு எட்டு மணிக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு. அப்போது எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

மணலில் நடப்பது இப்படி. வழிகாட்டி சிவப்பு விளக்கோடு முன்னே போவார். தாய் கரையேறி, முன்துடுப்பால் மணலை வீசி இடம் பண்ணும். பின்துடுப்பால் குழி தோண்டும். அந்தத் துடுப்பு ஒரு கரண்டி போல மடிந்து, ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் ஓரத்தில் வைக்கும். அடுத்த பிடிக்கு மற்றத் துடுப்பு இறங்கும். இந்த நேரத்தில் யாரும் அருகே போகக் கூடாது. வெளிச்சம் பட்டால் குழியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கியதும்தான் வழிகாட்டி கைகாட்டுவார், அதுவும் பின்பக்கமிருந்து. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள உயிர் பெருமூச்சு விடுவது இரண்டடி தூரத்தில் கேட்கும்.

ஃப்ளாஷ் கூடாது, போன் திரை வெளிச்சமும் கூடாது. கறுப்பு அல்லது கருநீல உடை போடுங்கள். கொசு மருந்தைக் கடற்கரைக்கு வருமுன் பூசி, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் ஆமை வரும், நிகழ்ச்சி ரத்தாகாது, அங்கியோடு நில்லுங்கள். குஞ்சு கண்ணில் பட்டால் கையில் எடுக்காதீர்கள். அது தானே மணலில் ஊர்ந்து கடலைச் சேர வேண்டும்.

ஓர் இரவு மட்டும் ஒதுக்கினால் ஏமாறலாம். ஜூனில் ஆமையே வராத இரவு அரிது, ஆனால் சாலை மூடும் இரவு உண்டு.

8. சாலையும் வண்டியும்

வாகனம் இடதுபுறம் ஓடுகிறது, நமக்குப் பழக்கம்தான். நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுங்கள், ஓராண்டு செல்லும். உள்ளூர் உரிமத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். வாடகை வண்டி எடுக்கும்போது வெள்ளச் சேதம் காப்பீட்டில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

தலைநகரில் அடைமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சவுத் கீ, ரைட்சன் சாலைப் பக்கம் தண்ணீர் நின்றுவிடும். மராக்காஸ் கடற்கரைக்குப் போகும் வடகரைச் சாலையிலும், டோக்கோ தாண்டிக் கிராண்ட் ரிவியேர் போகும் பாதையிலும் மழைக்குப் பின் மண் சரியும். கிளம்புமுன் தங்குமிடத்துக்காரரிடம் போனில் “ரோடு திறந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். வரைபடச் செயலிக்கு மண்சரிவு தெரிய நேரமாகும்.

வண்டி ஓட்டாதவர்களுக்கு மேக்ஸி டாக்சி. வெள்ளை வேன், பக்கவாட்டில் வண்ணப் பட்டை. மஞ்சள் தலைநகர்ப் பக்கம், சிவப்பு கிழக்கு, பச்சை தெற்கே சான் ஃபெர்னாண்டோ, நீலம் டொபாகோ. சிவப்பும் பச்சையும் சவுத் கீயில் உள்ள சிட்டி கேட்டிலிருந்து கிளம்பும். கார்களில் எண் பலகையின் முதல் எழுத்தைப் பாருங்கள்: ‘ஹெச்’ என்றால் உரிமம் பெற்ற வாடகைக் கார், ‘பி’ என்றால் தனியார் கார். ‘பி’ கார் நின்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். இருட்டிய பிறகு தங்குமிடம் ஏற்பாடு செய்யும் வண்டியில் மட்டும் போங்கள். குற்றச் செயல்களால் 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் அவசரநிலை அறிவித்த நாடு இது. கிளம்பும் வாரம் இந்திய வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

கரோனி சதுப்பில் செந்நிற அரிவாள்மூக்கன் கூடடைவதைப் பார்க்கும் படகு மாலை 4 மணிக்குக் கிளம்பும். மழை ஓய்ந்த மாலையாகத் தேர்ந்தெடுங்கள். படகில் கொசு குறைவு, படகுத்துறையில்தான் மொய்க்கும்.

9. டொபாகோ சேர்க்கலாமா

விமானத்தில் அரை மணிநேரத்துக்கும் குறைவு. கப்பல் மலிவு, ஆனால் மூன்று நான்கு மணிநேரம், அலை கடுமை, வாந்தி மாத்திரை அவசியம். ஜூனில் டொபாகோக் கடல் படத்தில் பார்ப்பது போல இருக்காது. ஒரினோகோ ஆற்றின் வெள்ளம் கலந்து நீர் பச்சையாகக் கலங்கும். கிழக்குக் கரையில் சர்காசம் பாசி குவிந்து நாறலாம். பவளப்பாறை பார்க்க மட்டுமே போவதாக இருந்தால் இந்த மாதம் வேண்டாம். மெயின் ரிட்ஜ் காட்டுக்காகப் போங்கள், அது 1776 முதல் பாதுகாக்கப்பட்டது, மழையில் அதன் அழகே தனி.

டொபாகோவிலிருந்து திரும்பும் அன்றே இந்திய விமானம் வைக்காதீர்கள். நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள்.

10. சாப்பாடும் உடம்பும்

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். காலையில் தெருவோரம் டபுள்ஸ்: இரண்டு மெல்லிய பாரா (பொரித்த ரொட்டி), நடுவே கொண்டைக்கடலைக் கறி, புளிச் சட்னி, குச்சேலா என்ற மாங்காய் ஊறுகாய், தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். காரம் கேட்கும்போது “ஸ்லைட்” என்று சொல்லுங்கள். அங்கே உள்ள மிளகாய் நம் குண்டூர் மிளகாயை விடக் கடுமை. ரொட்டிக் கடையில் ‘சன்னா அண்ட் ஆலு’ கேட்டால் இறைச்சி இல்லாமல் தருவார்கள்.

கனமழைக்குப் பின் ஆற்றுநீர் கலங்கி நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிற்கும், குழாயில் தண்ணீர் வராமல் போகும். அறையில் ஐந்து லிட்டர் வாங்கி வையுங்கள். டெங்கு உண்டு, பகலிலும் கொசு மருந்து பூசுங்கள். காலில் புண் இருந்தால் வெள்ள நீரில் இறங்காதீர்கள், எலிக் காய்ச்சல் வரும். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் ஆறு திடீரென்று புரண்டு வரும். தண்ணீர் நிறம் மாறினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேறுங்கள், பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

11. திரும்பும் நாள்

நெடுஞ்சாலையில் தண்ணீர் நின்றால் பியார்கோ போக ஒன்றரை மணிநேரம் கூடுதலாகும். விமானத்துக்கு 4 மணிநேரம் முன்பே ஊரை விட்டுக் கிளம்புங்கள். உள்ளூர் நோட்டை விமான நிலையத்தில் சாப்பாட்டுக்குச் செலவழியுங்கள். சென்னையில் இறங்கி குடிவரவு வரிசைக்குள் நுழையும் முன் சுகாதார மேசை இருக்கும். மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் செருகி, கேட்பதற்கு முன் நீட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டிரினிடாட் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.